அடுத்த வளவுப் புல்

"அடுத்தவன்ட புல்லத் திண்ட மாட்டுட பாலைக் கறந்து விக்கிறியே, அது ஹலாலா புள்ள?"

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கலந்தர் கத்தினார். அந்தப் பக்கம் பால் செம்பைக் கழுவிக்கொண்டிருந்த சுபைறா குனிந்த தலை நிமிரவில்லை.

"ஓட்டையால பூந்து பூந்து போன குளம்படி அப்பிடியே கிடக்கு. எனக்கென்ன கண் பொட்டையா?"

"ஆருட மாடு திண்டாலும் புல்லுத்தானே காக்கா. விடுங்க."

கலந்தருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்வதையும் செய்துவிட்டுப் பேச்சைப் பார்! சுனாமியில் புருசனைப் பறிகொடுத்து நின்றவளுக்குத் தகரம் தேடி வந்து, தன் கையாலேயே கொட்டில் அடித்துக் கொடுத்தவர் அவர். சொந்தச் சாச்சியின் மகள், தங்கச்சி முறை வேறு. அதற்கு இதுவா கைம்மாறு?

அவருடைய ஆத்திரத்தையும் குறை சொல்ல முடியாது. பட்டி நிறைய மாடு வைத்திருந்த மனிதர். ஒரே காலையில் அத்தனையையும் கடல் கொண்டுபோய்விட்டது. பிறகு நிவாரணத் திட்டத்தார் வயலோரமாக ஆளுக்கொரு துண்டுக் காணியும் ஒரு பசுவும் கொடுத்தார்கள். திறமான பால் தருகிறவருக்கு இரண்டாவது பசு உண்டு என்றும் சொல்லியிருந்தார்கள். அது மட்டும் கிடைத்தால் மறுபடி ஒரு பட்டி சேர்த்துவிடலாம் என்ற நினைப்பில்தான் மனிதர் எழும்பி நடமாடினார்.

அதற்காகத்தானே திட்டத்தார் கொடுத்த ஒரே சாதிப் புல்லைக் காணி முழுக்க நட்டிருந்தார்! ஆளுயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நின்றது. வேறொரு பூண்டு தலைகாட்டினால் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பார். அடுத்த வளவான சுபைறாவின் காணியிலோ அறுகு, சிறுபுள்ளடி, காட்டுப்பயறு, கோரை என்று கண்டதும் மண்டிக் கிடந்தது. "இந்தக் குப்பைய உழுதுபோட்டு நம்மட புல்ல நடு" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பார். கேட்டால்தானே!

அன்றைக்கே கம்பி வாங்கி வந்து ஓட்டையை இறுக்கி அடைத்தார்.

நாலைந்து நாள் போயிருக்கும். நாட்டில் யுத்தம் ஓய்ந்து பாதை திறந்த பிறகு ஆலையடிவேம்பிலிருந்து திட்டத்துக்குப் பால் எடுக்க வருகிற வேலப்போடி, கலந்தரின் பாலைச் சோதித்துப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்ன தம்பி, பாலும் குறைஞ்சிட்டு, கொழுப்பும் இறங்கிட்டு? இந்தப் புல்லு நட்ட மத்த எல்லாரும் தண்ணிப் பால் தரக்குள்ள, உங்கட பாலும் சுபைறாட பாலும்தான் திறமா இருந்திச்சு. இப்பிடியே போனா ரெண்டாவது மாட்ட மறந்திர வேண்டியதுதான்."

கலந்தர் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கண்ணூறோ என்று ஓதின தண்ணி தெளித்தும் பார்த்தாயிற்று. இல்லை, இது களவேதான்.

"அண்ணன், நான் வயலுக்குப் போனா பின்னேரம் அஸர் தொழுகைக்குத்தான் வாற. அதுக்குள்ள அவ கம்பிய அவிழ்த்து மாட்ட விடுறா. இப்ப உங்கட கண்ணுக்கு முன்னால திறக்கிறன். அவட மாடு எப்பிடி ஓடி வருதெண்டு நீங்களே பாருங்க!"

"வேணாம் காக்கா, திறக்காதீங்க!" சுபைறா பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"பாத்தீங்களா, கள்ளிக்குப் பயத்த!"

கம்பியை அவிழ்த்து வீசிவிட்டு, வேலப்போடியையும் இழுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார் கலந்தர். சுபைறாவின் கறுப்புப் பசு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் பாட்டில் மேய்ந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் பொறுங்க, இப்ப வரும்" என்றார் கலந்தர்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை. பின்னாலிருந்து அவரையே இடித்துத் தள்ளிக்கொண்டு, அவருடைய சிவலைப் பசு ஓட்டைக்குள் பூந்து அந்தப் பக்கம் ஓடியது.

சுபைறா காக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. சிறுபுள்ளடிக்குள் வாயைப் புதைத்துக்கொண்ட சிவலையின் கழுத்தைத் தடவி, "எத்தன நாளாச்சு மகள் உன்னக் கண்டு" என்றாள் மெல்ல.