கடைசித் தட்டு

ஜெபகனி கடைசித் தட்டிலிருந்த கடைசிப் புத்தகத்தையும் கையில் எடுத்ததைப் பார்த்ததும் பாக்கியசீலன் வாத்தியாருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் புத்தகம் எடுத்தால் மகிழவேண்டிய மனிதர் அவர். பள்ளிக்கூடத்துப் புத்தக அலமாரியின் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கியது.

"நாளைக்குள்ள முடிச்சுக் கொண்டாந்திருதேன் ஐயா," என்றாள் ஜெபகனி.

"பைய படி. அவசரம் ஒண்ணும் இல்ல."

"அவசரந்தான் ஐயா. சனிக்கிழம கப்பலு."

அவள் அப்பாவுக்கு இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலை கிடைத்திருந்தது. குடும்பத்தோடு தூத்துக்குடியில் கப்பல் ஏறுகிறார்கள். இனி எப்போது ஊருக்கு வருவார்களோ தெரியாது.

"அக்கா, இதுலயும் இல்ல," என்று சிணுங்கிக்கொண்டே வந்தாள், ஜெபகனியின் தெருவில் இருக்கும் இரண்டாம் வகுப்பு இன்பமணி. ஜெபகனி அவள் கையிலிருந்த கோழி வளர்ப்புப் புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டு, மாட்டு வைத்தியப் புத்தகத்தை உருவிக் கொடுத்தாள். "இதுல இருக்கும்ட்டி. நடுவுல விட்டுராமப் படி."

வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லாம் அவர் செய்த வேலைதான்.

ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில், தாமிரபரணிக் கரையில் இருந்த சின்ன மிஷன் பள்ளிக்கூடம் அது. ஜார்ஜ் மன்னர் முடிசூடிய சந்தோஷத்தில் துரைமார் ஓர் அலமாரி நிறையப் புத்தகம் அனுப்பியிருந்தார்கள். எல்லாம் பிரசங்கம், மாட்டு வைத்தியம், கோழி வளர்ப்பு, காலரா தடுக்கும் வழி. பிள்ளைகள் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

போன ஐப்பசியில் ஒரு மழைநாள், வகுப்பை அமர்த்த வாத்தியார் ஒரு கதை சொன்னார். ஆற்றில் வெள்ளம். ஓடக்காரன் ஒருவன், மிதந்து வந்த பெட்டியை இழுத்துக் கரை சேர்க்கிறான். பூட்டை உடைத்து மூடியைத் தூக்குகிறான். உள்ளே பார்த்தவன் திரும்பிப் பாராமல் ஊரைப் பார்த்து ஓடுகிறான்.

"பொறவு ஐயா? பெட்டிக்குள்ள என்ன?"

"மீதிக் கதை இந்த அலமாரியில ஏதோ ஒரு புஸ்தகத்துல இருக்கு. எதுலன்னுதான் மறந்துபோச்சு. தேடிப் பாருங்க."

அப்படி ஒரு புத்தகம் உலகத்திலேயே கிடையாது. கதை அவர் அந்த நிமிஷத்தில் கட்டியது. பெட்டிக்குள் என்ன இருந்தது என்று அவருக்கே தெரியாது.

மறுநாளே அலமாரியை மொய்த்துவிட்டார்கள். எல்லாருக்கும் முன்னால் நின்றது ஜெபகனி. பெட்டியைத் தேடப் போனவள் வரி விடாமல் படிக்க ஆரம்பித்தாள். தை மாதம் பக்கத்து வீட்டுக் கன்றுக்கு வயிறு ஊதியபோது, மாட்டு வைத்தியப் புத்தகத்தில் படித்த கைமருந்தைச் சொல்லிப் பிழைக்கவைத்தாள். கோழிப் புத்தகத்தை வகுப்பில் ஒளித்துப் படித்துத் தானாகச் சிரித்து, பெஞ்சு மேல் ஏறி நிற்கும் தண்டனை வாங்கினாள்.

வாத்தியாருக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. போகப்போக உறுத்தல் தொடங்கியது. ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுக்கையில், பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற இடம் வந்ததும் அவர் குரல் உள்ளே போய்விடும். ஒரு பச்சைப்பிள்ளையை இப்படியா ஏமாற்றுவது?

ஜெபகனி கடைசிப் புத்தகத்தை எடுத்துப்போன அன்று இரவு, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவரிடம் மனைவி சாலோமி சொன்னாள்: "ஒரு முடிவக் கட்டிச் சொல்லிர வேண்டியதுதானே. பெட்டிக்குள்ள பாம்பு இருந்துச்சுன்னு."

"எந்தப் புஸ்தகத்துலன்னு கேப்பாளே."

"அப்ப உண்மையச் சொல்லிருங்க."

"சொன்னா இனி ஒரு புஸ்தகத்தத் தொடுவாளா? ஆளு கப்பல் ஏறிப் போயிருவா. நான் திருத்தவும் முடியாது."

"சொல்லலன்னா அங்கன போயும் உங்க பொய்யத் தேடிக்கிட்டுக் கெடப்பா," என்றாள் சாலோமி. அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் ஜெபகனி புத்தகத்தோடு வந்தாள். இன்பமணி வெளியே படியில் உட்கார்ந்து, மாட்டு வைத்தியத்தில் வரிக்கு வரி விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"முடிச்சிட்டேன் ஐயா," என்று ஜெபகனி புத்தகத்தை அதன் இடத்தில் செருகினாள். அலமாரி முழுவதையும் படித்தாயிற்று. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் நின்றதுதான் அவரை இன்னும் வதைத்தது.

"ஜெபகனி, அந்தப் பெட்டிக் கதை..." வாத்தியார் இடுப்புச் சாவியைத் திருகினார். "அது ஒரு புஸ்தகத்துலயும் இல்லம்மா. நான் சும்மா கட்டிவிட்டது. உங்கள வாசிக்கவைக்கணும்னு பொய் சொல்லிட்டேன். இத்தன நாளா உன்ன அலையவிட்டது பாவம். என்ன மன்னிச்சிரு."

வாத்தியார் ஒருவர் நாலாம் வகுப்புப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டதை அந்தச் சுவர்கள் அதுவரை கேட்டிருக்காது. இப்போது அழுவாள், இனி புத்தகமே வேண்டாம் என்பாள் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஜெபகனி அழவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. பதறிப்போய் வாசலை எட்டிப் பார்த்தாள். ஓடிப் போய்க் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்து, உதட்டில் விரலை வைத்தாள்.

"பையப் பேசுங்க ஐயா, காதுல விழுந்திரும். இன்பமணி இன்னும் மேத்தட்டே முடிக்கல."