கர்சர் தாவிய இடங்கள்

செல்வின் விபத்தில் இறந்த பிறகும் அவன் எழுதிய கம்ப்யூட்டர் கோட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த அலுவலகத்தில் எல்லோரும் வரியின் தொடக்கத்தில் ஸ்பேஸ் தட்டித்தான் இடம் விடுவார்கள். அவன் மட்டும் கீபோர்டின் ஓரத்திலிருக்கும் டாப் (Tab) விசையைத் தட்டுவான். "ஒரே தட்டுல போற இடத்துக்கு எதுக்கு நாலு தட்டு, நிறைமதி?" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து கேலி செய்வான். பார்வைக்கு இரண்டும் ஒரே வெற்றிடம்தான். அம்புக்குறியை அழுத்தினால்தான் வித்தியாசம் தெரியும்: மற்றவர்களின் வரிகளில் கர்சர் ஒவ்வொரு இடமாக ஊர்ந்து போகும், அவன் வரிகளில் தாவும். அவன் போன பிறகு நிறைமதி வேலைக்கு நடுவே அவனுடைய ஃபைலைத் திறந்து கர்சரைச் சும்மா தாவவிட்டுக்கொண்டிருப்பாள்.

"ரெண்டும் கலந்து கிடக்கு, புதுசா வர்றவங்க திணறுறாங்க. எல்லாத்தையும் ஸ்பேஸா மாத்திடும்மா" என்றார் டீம் லீட் ரகோத்தமன்.

அதற்கென்றே ஒரு புரோகிராம் இருந்தது. அவள் அதை ஓடவிட்டாள். கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிட்டது. ரகோத்தமன் திரையை எட்டிப் பார்த்தார்.

"பாத்தியா, எதுவுமே மாறல" என்றார் திருப்தியாக.

அவர் நகர்ந்ததும் அவள் செல்வினின் ஃபைலைத் திறந்து அம்புக்குறியை அழுத்தினாள். கர்சர் ஊர்ந்தது. அடுத்த வரியிலும் ஊர்ந்தது. ஒரு வரியில் மட்டும் ஸ்பேஸ்களை அழித்துவிட்டு, அவனைப் போலவே சுண்டுவிரலால் டாப் தட்டினாள். கர்சர் தாவியது. ஆனால் அது அவள் தட்டியது. அதை அழித்துவிட்டு நான்கு முறை ஸ்பேஸ் தட்டினாள்.

பக்கத்து நாற்காலியிலிருந்து யாரும் கேலி செய்யவில்லை.