சுருதியின் வீடு

"சுருதியோட சேர்ந்து பாடணும்" என்று மழலையர் பள்ளியில் பாட்டுச் சொல்லித்தரும் வத்சலா சொன்னதும், நான்கு வயது இனியா வகுப்பைச் சுற்றிப் பார்த்தாள்.

"சுருதின்னு நம்ம கிளாஸ்ல யாருமே இல்லையே மிஸ்."

வத்சலா மேஜையில் ரீங்கரித்துக்கொண்டிருந்த சுருதிப் பெட்டியைக் காட்டி ஒரு கதை கட்டினாள். உள்ளே ஒரு சிறுமி இருக்கிறாள். ரொம்பக் கூச்சம். என்ன சொன்னாலும் 'ம்' மட்டும்தான் கொட்டுவாள். பிள்ளைகள் அவளுக்குக் கேட்கும்படி பாடினார்கள்.

மணி அடித்ததும் வத்சலா பெட்டியை நிறுத்தினாள்.

"இப்ப அவ எங்க போவா?"

"எங்க வீட்டுக்குத்தான்."

"அங்க வேற யாரு இருக்கா?"

வத்சலா பெட்டியைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

சாயங்காலம் பூட்டைத் திறந்தவள், விளக்கைக்கூடப் போடாமல் பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். அந்த வீட்டில் வாய்திறந்து பேசி நாளாகியிருந்தது.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

பெட்டி நிறுத்தாமல் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தது.