ராணியின் தோழிமார்

மேடையில் ராசாவுக்கு நிற்க இடமில்லை.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்காரும் வாங்குகளைச் சேர்த்துக் கட்டிய சின்ன மேடை. நடுவில் ராணி. அவளுக்குப் பின்னால் ஒன்பது தோழிமார்.

"கலா அக்கா, நான் வாளை உருவினா ஆர்ட மூக்காவது போயிரும்" என்றான் துசாந்தன். ஓட்டோ ஓட்டுகிறவன். களுதாவளை நாடகக் குழுவில் எந்தக் கதை என்றாலும் அவன்தான் ராசா. "இந்த ஒன்பது பேருக்கும் என்ன வேலை?"

"நிக்கிறது."

"வசனம்?"

"இல்ல."

"ஆட்டம், பாட்டு?"

"நிக்கிறதுதான்டா வேலை. நீ வாளைச் சின்னதா உருவு."

கலாஜினிதான் குழுவை நடத்துகிறவள். கதை, உடுப்பு, ஒப்பனை எல்லாம் அவள் கை. கடல் ஊருக்குள் வந்து போய் மூன்று மாதம். அகதி முகாம்களுக்குப் போய் நாடகம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பஞ்சத்தில் அடிபட்ட ஒரு நாட்டின் கதை. ஆனால் ராணிக்கு மட்டும் முகாமுக்கு முகாம் தோழிமார் கூடிக்கொண்டே போனார்கள். முதல் முகாமில் நாலு பேர், அடுத்ததில் ஆறு, இங்கே ஒன்பது. எல்லாரும் அந்தந்த முகாமில் இருக்கிற பெண்கள். ஒருத்தருக்கும் நடிக்கத் தெரியாது.

"இப்பிடியே போனா நாடகம் பாக்க ஆளிருக்காது. முழு முகாமும் மேடையிலதான் நிக்கும்" என்றான் துசாந்தன். குழுவில் எல்லாரும் சிரித்தார்கள். கலாஜினியும் சிரித்தாள். தோழிமாரைக் குறைக்கவில்லை.

அவர்களுக்குச் சாறி நிவாரணக் குழுவிடம் இரவல். நிவாரணக் குழு என்றால் அதன் தலைவர் வினாயகமூர்த்தி. அவருடைய வீட்டுக்குள் கடல் வரவில்லை. நிவாரணச் சாமான்தான் வந்திருந்தது, ஆள் படுக்க இடமில்லாமல் அறை அறையாக.

"போன முகாமுக்குக் குடுத்த சாறியே இன்னும் வரல்ல, புள்ள."

"வரும், தலைவர்."

"ராணிக்கு என்னத்துக்கு ஒன்பது தோழி?"

"ராணி எண்டா அப்பிடித்தான், தலைவர்."

அவருக்கு விருப்பமில்லை. ஆனால் நாடகம் இல்லாவிட்டால் அவருடைய பேச்சுக்குச் சனம் சேராது. கொடுத்தார். இரவல் கொடுத்ததற்கும் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

சாறி கொடுப்பதில் அவருக்கு ஓர் ஒழுங்கு உண்டு. வரிசையில் வரவேண்டும். இரண்டு கையாலும் வாங்கவேண்டும். படம் எடுக்கிறவரைப் பார்த்துச் சிரிக்கவேண்டும். சிரிக்காதவர்களை இன்னொரு தரம் படம் எடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வரும்.

பின்னேரம் நாலு மணிக்கு அவர் பேசினார். நிவாரணக் குழு கட்டிய கிணறுகளைச் சொன்னார். கட்டாத கிணறுகளையும் சேர்த்துச் சொன்னார். பிறகு முன்வரிசைக் கதிரையில் உட்கார்ந்தார்.

நாடகம் தொடங்கியது. தோழிமார் முகம் நிறையப் பவுடரோடு வந்து நின்றார்கள். ஒருத்தி மூக்கைச் சொறிந்தாள். ஒருத்தி ராணி அழுகிற இடத்தில் பலமாகத் தும்மினாள். ராசா வாளைச் சின்னதாக உருவினான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மூன்று மாதத்தில் அந்த முகாமில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

முடிந்த கையோடு வினாயகமூர்த்தி மேடைக்குப் பின்னால் வந்தார். கலாஜினி கிரீடங்களைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க புள்ள, சாறியெல்லாம்?"

"உடுத்தவங்க உடுத்தபடி போயிட்டாங்க, தலைவர்."

"கலைச்சேவை எண்டு சொல்லிக்கொண்டு வந்து களவா எடுக்கிறாய்?" அவர் குரல் உயர்ந்தது. கலைந்து போன சனம் திரும்பி வந்து நின்றது. "எல்லாத்தையும் இழந்த சனத்துக்கு வந்த சாமான் இது."

துசாந்தனுக்கு முகம் கறுத்துப் போனது. "நான் அப்பவே சொன்னன் அக்கா, இவ்வளவு தோழிமார் வேணாமெண்டு."

கலாஜினி பெட்டியை மூடினாள்.

"கழட்டினா மாத்தி உடுக்க அவங்களிட்ட வேற இல்ல, தலைவர். முகாமுக்கு வந்த நாளில இருந்து ஒரே உடுப்பு. கழுவி ஈரத்தோட உடுத்துக்கொண்டு இருந்தவங்க."

"அதுக்குத்தானே வரிசை இருக்கு? நான் ஆருக்காவது இல்லையெண்டு சொல்லியிருக்கனா?"

"படத்துக்கு நிண்டு சிரிக்க ஏலாதாம். நான் சும்மா குடுத்தாலும் வாங்க மாட்டமெண்டாங்க. அதாலதான் நடிக்கக் கூப்பிட்டன். நடிச்சதுக்குக் கூலி எண்டு சொன்ன பிறகுதான் உடுத்தாங்க."

துசாந்தன் தலையில் இருந்த கிரீடத்தைக் கழற்றிக் கையில் பிடித்தான்.

வினாயகமூர்த்தி விடவில்லை.

"அகதி முகாமில இருந்துகொண்டு இவ்வளவு ராங்கியா? ஆர் அவங்க? பேரைச் சொல்லு. எல்லாம் நான் பிரிச்சு எடுத்துக் குடுத்த சாறி. மேடையில வந்து நிண்ட உடனே ஒவ்வொண்டையும் அடையாளம் கண்டன். நானே போய்த் திருப்பி வாங்கிறன்."

"வேணாம், தலைவர். விடுங்க."

"சொல்லு. இந்தச் சனமும் கேக்கட்டும்."

கலாஜினி சனத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அப்ப சீதேவிப்பிள்ளை அக்காவில இருந்து தொடங்குங்க. ராணிக்குப் பக்கத்தில நிண்டவ. உங்களோட கூடப்பிறந்த அக்கா. ஒரு மணித்தியாலம் உங்களுக்கு நேர முன்னாலதான் நிண்டா, தலைவர். நீங்க சாறியைத்தான் அடையாளம் கண்டீங்க."