எஞ்சின் மாற்றும் செலவு

தேனி பஞ்சு வியாபாரி சுயம்புலிங்கம் தன் காரைப் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்.

"சண்முகராஜ், ஒரு கார் எஞ்சினக் கழத்தி வேற கம்பெனி கார்ல மாட்டுறதுன்னா என்ன செலவாகும்?"

மெக்கானிக் சண்முகராஜுக்கு எரிச்சலாக வந்தது. யுத்தத்தால் கப்பலில் ஒரு சாமானும் வருவதில்லை. ஊரில் பாதி வண்டிகள் முடங்கிக் கிடக்கும்போது, ஓடுகிற காருக்கு வேறு எஞ்சின் கேட்கிறாரே இந்த மனுஷர்!

"லேசுப்பட்ட வேலை இல்ல மொதலாளி. எஞ்சினத் தாங்குற சட்டத்தையே வெட்டி மாத்தணும். கியர் பெட்டியும் லேசுல சேராது. கூலியே எரநூறு ஆகும், இருவது நாள் வேணும்."

"மாட்டுனா மலைப்பாதையில இழுக்குமா?"

"நான் மாட்டுனா இழுக்கும். ஆனா உங்க எஞ்சினுக்கு என்ன கொறச்சல்? இன்னும் பத்து வருசம் ஓடுமே."

"நெசமாவா?"

"இத விட நல்ல எஞ்சின் இந்தப் பக்கம் யாருகிட்டயும் இல்ல."

"அப்ப இதக் கழத்தி டாக்டரம்மா சுகிர்தம் கார்ல மாட்டிரு. அவுக எஞ்சின் பிளந்து ரெண்டு மாசமாச்சு. பிரசவம் பாக்க வருசநாட்டு மலைக்கு மாட்டு வண்டியில போறாக. போன வாரம் அவுக போய்ச் சேர்றதுக்குள்ள ஒரு பிள்ளத்தாச்சி செத்துப்போச்சு."

சண்முகராஜ் சட்டென்று எழுந்து நின்றான்.

"அப்ப நீங்க எதுல போவீக மொதலாளி?"

"மாட்டு வண்டியிலதான். நான் மெதுவாப் போய்ச் சேந்தா ஒருத்தரும் சாகப்போறதில்ல."