கூப்பிடாமல் வரும் கை

என் வலக்கை இயந்திரக் கை. மீன் வெட்டிப் பிழைக்கிறேன். அதை இயக்கும் மென்பொருளில் கம்பெனிக்காரன் புதுசு தருகிறான் என்றால் பழசைப் பிடுங்கப் போகிறான் என்றுதான் நினைப்பேன்.

கைக்குள் புதுசை ஏற்ற வந்த, எங்கள் தெருவிலேயே இருக்கும் கம்பெனிப் பெண் நிலோஃபர், "ரெண்டுமே உள்ள இருக்கும் தாத்தா. பேர் சொன்னா அது வரும். சொல்ல நேரமில்லாத அவசரத்துல எது வரணும்?" என்று கேட்டாள்.

"பழசுதான். என்ன ஆனாலும் கத்தியை விடாது."

"பக்கத்துல ஆள் விழுந்தாலுமா? புதுசுன்னா கத்தியைப் போட்டுட்டு ஆளைப் பிடிக்கும்."

அவள் கேட்டது நியாயம் என்பதாலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சரி, உன் புதுசையே வை. ஏதாவது ஆச்சு, உன்னைச் சும்மா விடமாட்டேன்" என்றேன்.

மறுநாள் கடையில் ஈரத்தரை வழுக்கி, என் மனைவி செபஸ்தியம்மாள் பக்கத்துக் கடை அரிவாள்மணைமேல் சாயப் போனாள். நான் யோசிக்கவே இல்லை. கத்தி ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம் விழ, கை அவளைப் பிடித்து நிறுத்தியது.

"நல்ல சீலா மீனை மண்ணுல போட்டுட்டீரே, மனுசா!" என்று கத்தினாள். கத்தட்டும். கத்துவதற்கு அவள் இருக்கிறாளே.

அன்றைக்கே பெரிய சீலாத் துண்டோடு நிலோஃபர் வீட்டுக்குப் போனேன்.

"பழசை அழிச்சிடவா தாத்தா?"

"வேண்டாம்மா. மீன் வெட்ட அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிறேன். கூப்பிடாம வரவேண்டியது உன்னுதுதான்."