கிணறு தாண்டாத மாப்பிள்ளை

மாப்பிள்ளை மறுபடியும் கிணற்றில் விழுந்தார். கிணற்றுக்கு அந்தப் பக்கம் பெண் குடையைச் சுழற்றிக்கொண்டு சிரித்தபடியே நின்றாள். பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் கைதட்டியது.

"சார், இன்னைக்கும் போயிட்டாரு" என்று அறிவித்தாள் வகுப்பின் வாயாடி. கோடை விடுமுறை அனிமேஷன் புரோகிராமிங் வகுப்பில் அவள் குழு செய்த படம் அது.

லூப் சார் தலையைச் சொறிந்தார். புரோகிராமில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப் மாதிரி, எதையும் இரண்டு தடவை சொல்லும் பழக்கத்துக்காகப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. சாயங்காலம் அவர் சரிசெய்துவிட்டுப் போவது, காலையில் வந்து பார்த்தால் கெட்டிருக்கும். ஒரு நாள் மாப்பிள்ளை முன்கூட்டியே குதித்தார்; இன்னொரு நாள் குதிக்கவே மறந்தார். யாரோ கைவரிசை காட்டுகிறார்கள் என்று வாயாடியை விசாரித்தார். அவள் அம்மா மேல் சத்தியம் செய்தாள்.

வெளியே முறைத்தாரே தவிர, சாருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. மாப்பிள்ளையை வரைந்தவர் டிராயிங் மிஸ். தப்பு படத்திலா புரோகிராமிலா என்று பார்க்க, மிஸ் பக்கத்து நாற்காலிக்கு வந்தாக வேண்டும்.

இன்று கடைசி நாள். மாலையில் பெற்றோர் முன் படம் ஓடும். நாளையிலிருந்து மிஸ்ஸைப் பார்க்க ஒரு சாக்கும் கிடையாது. சொல்ல நினைத்ததையோ இன்னும் சொல்லியபாடில்லை.

பிள்ளைகள் சாப்பிடப் போனதும் மிஸ் வந்து உட்கார்ந்தார். புரோகிராம் என்றாலே அலர்ஜி, தனக்கு வரைய மட்டும்தான் தெரியும் என்று முதல் நாளே சொன்னவர். மடியிலிருந்த டேப்லெட்டில் குடைக்கு நிறம் மாற்றிக்கொண்டே, "எங்கயாவது மைனஸ் கிடக்கான்னு பாருங்க சார்" என்றார்.

கிடந்தது. மேலே குதிக்க வேண்டிய எண்ணுக்கு முன்னால் ஒரு மைனஸ் உட்கார்ந்துகொண்டு ஆளைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. குருட்டாம்போக்கில் சொன்னாலும் மிஸ் சரியாகச் சொன்னாரே என்று சார் பூரித்துப் போனார்.

மைனஸை எடுத்ததும் மாப்பிள்ளை ஜம்மென்று கிணற்றைத் தாண்டிப் பெண்ணின் எதிரில் போய் நின்றார். அவர் தலைக்கு மேல் பேச்சு வரவேண்டிய கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அதை நிரப்ப வாயாடி குழு மறந்துவிட்டது.

வாயால் முடியாதது விரலால் முடியும் என்று சாருக்குத் தோன்றியது. வருவது வரட்டும் என்று கீபோர்டில் தட்டினார்.

'நாம கல்யாணம் பண்ணிக்கலாமா? கல்யாணம் பண்ணிக்கலாமா?'

பழக்கதோஷம்.

மிஸ் படித்தார். இன்னொரு முறை படித்தார். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஓடிவிடலாமா என்று சார் வாசலைப் பார்த்தார். போன மானம் போனதுதான். மாலையில் எந்த முகத்தோடு மிஸ் பக்கத்தில் நிற்பது?

மிஸ் டேப்லெட்டை மூடி வைத்தார். அடக்கி அடக்கிப் பார்த்தும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இதுக்காகத்தானே சார், தினமும் அவரைக் கிணத்துல தள்ளினேன்."